ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒத்துப்போக: டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தப் பழகுவோம்

ஸ்பீக்கரின் முதுகில் 16 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. ஆம்பிளிஃபயரின் பின்பக்கத்தில் காமன், 4 ஓம், 8 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக ஐந்து திருகுகள். கையில் இரண்டு கம்பி. எதை எதில் மாட்டுவது? இந்த இடத்தில் திகைத்து நிற்பவர்களில் பலர், சத்தம் வருகிறதா பார்ப்போம் என்று ஏதாவது ஒன்றில் மாட்டிவிடுகிறார்கள். சத்தம் வரத்தான் செய்யும். ஸ்பீக்கர் சுருளோ ஆம்பிளிஃபயரின் டிரான்சிஸ்டரோ கருகிய பிறகுதான் தவறு தெரியும். பத்து நிமிடக் கணக்கில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது. பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்; அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

தொடங்கும் முன்: டிரான்ஸ்ஃபார்மருக்குச் சொந்த இம்பீடன்ஸ் கிடையாது

இம்பீடன்ஸ் என்றால் ஏசி மின்சாரத்துக்கு ஒரு சுமை காட்டும் எதிர்ப்பு; அதையும் ஓமில்தான் சொல்வோம். புதிதாக வருபவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் "5000 : 8" என்று எழுதியிருந்தால், அதற்குள் 5000 ஓம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி எதுவும் இல்லை. செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுருளில்) 8 ஓம் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டால் பிரைமரிப் பக்கம் (ஆம்பிளிஃபயர் பக்கச் சுருளில்) அது 5000 ஓமாகத் தெரியும் என்பதே அந்த எழுத்தின் பொருள். அதே இடத்தில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் பிரைமரியில் 10000 தெரியும். 4 ஓம் மாட்டினால் 2500. ஸ்பீக்கர் எதுவோ, அதைப் பெருக்கிக் காட்டுவதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை.

மிதிவண்டியின் கியரை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறும்போது சக்கரத்தின் மேல் உள்ள சுமை அதேதான். மிதிக்கும் காலுக்கு அது கனமாகத் தெரிவதும் இலேசாகத் தெரிவதும் பல்சக்கரங்களின் விகிதத்தைப் பொறுத்தது.

எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்? சுற்றுகளின் விகிதம் எவ்வளவோ அதன் வர்க்கம். பிரைமரியில் 1000 சுற்று, செகண்டரியில் 100 சுற்று என்றால் விகிதம் 10. வோல்டேஜ் பத்தில் ஒன்றாக இறங்குகிறது, கரண்ட் பத்து மடங்காக ஏறுகிறது. இம்பீடன்ஸ் என்பது வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் கிடைப்பது. மேலே உள்ள எண்ணும் பத்து மடங்கு மாறுகிறது, கீழே உள்ளதும் பத்து மடங்கு மாறுகிறது. ஆகவே மொத்த மாற்றம் 10 × 10, அதாவது 100 மடங்கு. இனி வரும் கணக்கெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

முதல் படி: உங்கள் ஆம்பிளிஃபயர் என்ன கேட்கிறது?

டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் என்றால், "8 ஓம்" என்று பின்னால் எழுதியிருப்பது அதன் சொந்த இம்பீடன்ஸ் அல்ல. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் பெரும்பாலும் அரை ஓமுக்கும் கீழே இருக்கும். இரண்டையும் சமமாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமமாக்கினால் பாதி ஆற்றல் ஆம்பிளிஃபயருக்குள்ளேயே வெப்பமாகிவிடும். அந்த 8 ஓம் ஒரு கீழ் எல்லை: இதற்குக் குறைவான சுமையை என்மேல் ஏற்றாதே என்கிறது. கூடுதலான ஓம் பிரச்சினை இல்லை. 16 ஓம் மாட்டினால் ஏறக்குறைய பாதி வாட் கிடைக்கும், காதுக்கு 3 டெசிபெல் குறையும், அவ்வளவுதான். 4 ஓம் மாட்டினால் கரண்ட் இருமடங்காக முயலும், வெப்பம் ஏறும்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களால் ஓடும் வால்வு ஆம்பிளிஃபயரின் சேதி வேறு. வால்வு அதிக வோல்டேஜிலும் குறைந்த கரண்டிலும் வேலை செய்யும் பொருள். அதற்கு ஆயிரக்கணக்கான ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரை நேரடியாக மாட்டவே முடியாது. அதனால்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குள்ளேயே இருக்கிறது. அதில் 4, 8, 16 என்று தனித்தனி டேப்கள், அதாவது சுருளின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெளியே எடுத்த முனைகள் இருக்கும். ஸ்பீக்கரில் உள்ள எண்ணும் டேப்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பயப்பட வேண்டிய விஷயமும் நேரெதிர். டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரில் ஸ்பீக்கர் கம்பி கழன்று விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு கம்பியும் ஒட்டி ஷார்ட் ஆனால் ஆபத்து. வால்வு ஆம்பிளிஃபயரில் கழன்று விழுவதுதான் ஆபத்து. சுமையே இல்லாமல் ஓடும்போது பிரைமரியில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, டிரான்ஸ்ஃபார்மரின் காப்பைத் துளைத்துவிடும். சோதித்துப் பார்க்க ஸ்பீக்கர் கையில் இல்லையென்றால், பொருத்தமான வாட் கொண்ட 8 ஓம் ரெசிஸ்டரையாவது மாட்டிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்பீக்கரின் உண்மையான எண்

பின்னால் எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்கலாம். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. மீட்டர் அளப்பது கம்பிச் சுருளின் டிசி எதிர்ப்பை மட்டுமே. எழுதியிருக்கும் எண் இசை ஓடும்போதுள்ள இம்பீடன்ஸ். அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 8 ஓம் என்று பெயர் வாங்கிய ஸ்பீக்கர், தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் 30 ஓமுக்கு மேலேயும் போகும். ஆகவே பெயரளவு எண் என்பது ஒரு வசதிக்கான தோராயம் என்று வைத்துக்கொண்டு, தசமப் புள்ளி வரை கணக்குப் போடுவதை விட்டுவிடுங்கள்.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு எளிய முறை இருக்கிறது. ஸ்பீக்கருடன் ஒரு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக இணையுங்கள். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 400 ஹெர்ட்ஸ் ஒலியை டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் வழியாகக் குறைந்த சத்தத்தில் அனுப்புங்கள். இப்போது ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் உள்ள ஏசி வோல்டேஜ், ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் உள்ள ஏசி வோல்டேஜ் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரில் 1 வோல்ட், ஸ்பீக்கரில் 0.8 வோல்ட் என்றால் 10 × 0.8 ÷ 1 = 8 ஓம். ஏன் 400 ஹெர்ட்ஸ் என்றால், சாதாரண மல்டிமீட்டர்கள் பல அதற்கு மேல் ஏசியைச் சரியாக அளப்பதில்லை.

மூன்றாம் படி: டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

பல நேரங்களில் வேண்டாம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைத் தொடராக இணைத்தால் 8. இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் போட்டால் 8. நான்கு 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் திரும்பவும் 8. எல்லாம் ஒரே மாதிரி ஸ்பீக்கராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

4 ஓம் ஸ்பீக்கருடன் 4 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு 8 ஆக்கலாமே என்று கேட்பார்கள். ஆகும். ஆனால் பாதி வாட் ரெசிஸ்டரில் சூடாகப் போகும், ஸ்பீக்கரின் கூம்பை ஆம்பிளிஃபயர் இறுக்கிப் பிடிக்கும் பிடியும் தளர்ந்து, கீழ் ஒலிகள் கொழகொழவென்று கேட்கும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் மூன்று: வால்வு ஆம்பிளிஃபயர், ஆம்பிளிஃபயர் தாங்க முடியாத அளவுக்குக் குறைந்த ஓம் சுமை, நீளமான கம்பியில் பல ஸ்பீக்கர்களைத் தொங்கவிடும் லைன் அமைப்பு.

நான்காம் படி: விகிதக் கணக்கு

வேண்டிய இம்பீடன்ஸை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். வருவது சுற்று விகிதம்.

வால்வுக்கு 5000 ஓம் வேண்டும், ஸ்பீக்கர் 8 ஓம். 5000 ÷ 8 = 625. வர்க்கமூலம் 25. ஆகவே 25 : 1.

ஆம்பிளிஃபயருக்குக் குறைந்தது 8 ஓம் வேண்டும், ஸ்பீக்கர்த் தொகுப்பு 2 ஓமில் நிற்கிறது. 8 ÷ 2 = 4. வர்க்கமூலம் 2. ஆகவே 2 : 1. இப்படிச் சிறிய விகிதத்துக்குத் தனித்தனிச் சுருள் கூடத் தேவையில்லை. ஒரே சுருளில் நடுவே டேப் எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போதும். அளவில் சிறியது, இழப்பும் குறைவு. மக்கின்டோஷ் நிறுவனம் தன் டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் இதையே பயன்படுத்துகிறது. ஆனால் இரு பக்கமும் மின்சாரத் தொடர்பில் இருக்கும். பிரித்துவைக்கும் பாதுகாப்பு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் கிடையாது.

ஐந்தாம் படி: 100 வோல்ட் லைன்

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டுரைக்கு வந்ததே இதற்காகத்தான் இருக்கும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

50 மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் ஸ்பீக்கர். போகவர 100 மீட்டர் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் அந்த நீளத்துக்கு எதிர்ப்பு சுமார் 1.7 ஓம். மொத்தச் சுமை 9.7 ஓம், அதில் 1.7 கம்பிக்குச் சொந்தம். அதாவது ஆம்பிளிஃபயர் தரும் ஆற்றலில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கம்பியைச் சூடாக்கவே போகிறது. இப்போது ஆம்பிளிஃபயரின் 100 வோல்ட் திருகிலிருந்து கம்பியை எடுத்து, ஸ்பீக்கர் முனையில் 10 வாட் லைன் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துங்கள். லைனுக்கு அது 1000 ஓமாகத் தெரியும். 1000 ஓமுக்கு முன்னால் 1.7 ஓம் ஒரு பொருட்டே இல்லை. மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்கு உயர் வோல்டேஜில் மின்சாரம் அனுப்புகிறார்களே, அதே தத்துவம்.

1000 எங்கிருந்து வந்தது? வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுக்க வேண்டும். 100 × 100 ÷ 10 = 1000. 5 வாட் டேப் என்றால் 2000, 20 வாட் என்றால் 500. 70 வோல்ட் லைனில் அதே 10 வாட்டுக்கு 500 ஓம்.

லைன் அமைப்பின் பெரிய வசதி, ஓம் கணக்கையே மறந்துவிடலாம் என்பது. எல்லா ஸ்பீக்கரையும் பக்க இணைப்பில் போட்டு, டேப் வாட்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டுத்தொகை ஆம்பிளிஃபயரின் வாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்களின் இழப்புக்கு மீதி இடம் வேண்டும். 100 வாட் ஆம்பிளிஃபயரில் 6 ஹார்ன். ஆளுக்கு 15 வாட் என்றால் 90, எல்லை மீறுகிறது. 10 வாட் டேப்புக்கு மாற்றினால் 60, நிம்மதி.

டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர்ப் பக்கம் 4, 8, 16 என்று பிரித்திருந்தால் அங்கேயும் எண் பொருந்த வேண்டும். ஹார்ன் யூனிட்கள் (ஹார்னின் பின்னால் ஒலி எழுப்பும் பகுதி) பல 16 ஓமில் வருகின்றன. 16 ஓம் யூனிட்டை 8 ஓம் முனையில் மாட்டினால் 10 வாட் டேப் 5 வாட் தரும், கெடுதல் இல்லை. 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் மாட்டினால் அது 20 வாட் இழுக்கப் பார்க்கும், டிரான்ஸ்ஃபார்மர் திணறும். அதேபோல 70 வோல்ட்டுக்கான டிரான்ஸ்ஃபார்மரை 100 வோல்ட் லைனில் போட்டால் இருமடங்கு வாட் இழுக்கும்.

ஒருமுறை பெரிய அரங்கொன்றில் ஆறு ஹார்ன்கள் கொண்ட லைன். சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடி கரகரத்துவிட்டு ஆம்பிளிஃபயரின் பாதுகாப்பு விளக்கு எரிந்தது. ஆம்பிளிஃபயர்தான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் லைனைக் கழற்றி, ஒவ்வொரு ஹார்னையும் தனித்தனியாகப் பிரித்து மீட்டர் வைத்தேன். 71, 68, 70, 72. ஐந்தாவதில் முள் சட்டென்று விழுந்தது: 12. ஆறாவது மறுபடி 69. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஐந்தாவது ஹார்னில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. யூனிட்டின் இரண்டு காதுகளிலும் லைன் கம்பி நேராகப் பற்றவைத்திருந்தது. 16 ஓம் யூனிட்டை 100 வோல்ட்டில் மாட்டினால் 100 × 100 ÷ 16, அதாவது 625 வாட் கேட்கும். 100 வாட் ஆம்பிளிஃபயர் எங்கே போகும்? யூனிட்டைத் திறந்தபோது சுருளின் அரக்கு பழுப்பேறி, கருகிய வாடை வந்தது. அன்றிலிருந்து எந்த லைனையும் மீட்டர் வைக்காமல் நான் ஆம்பிளிஃபயரில் மாட்டுவதில்லை.

அந்த 70 ஓம் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1000 ஓம் இம்பீடன்ஸ் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் டிசி எதிர்ப்பு அந்த அளவில்தான் இருக்கும். மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கே மீட்டர்.

இன்னொன்று: ஒரே ஆம்பிளிஃபயரின் 8 ஓம் திருகிலும் 100 வோல்ட் திருகிலும் ஒரே சமயத்தில் சுமை ஏற்றாதீர்கள். இரண்டும் ஒரே சுருளின் டேப்கள். ஏதாவது ஒன்றுதான்.

ஆறாம் படி: டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுப்பது

விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வாட்டைப் பாருங்கள், அதோடு எந்த அதிர்வெண் வரை அந்த வாட் என்பதையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அதிர்வெண் குறையக் குறைய உள்ளகத்தில் (சுருளுக்கு நடுவே உள்ள இரும்பில்) காந்தப் பாயம் ஏறும். 100 ஹெர்ட்ஸில் 40 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர், 50 ஹெர்ட்ஸில் பாதி வோல்டேஜைத்தான் தாங்கும். வாட்டில் சொன்னால் கால்பங்கு, வெறும் 10. அதைத் தாண்டினால் உள்ளகம் நிறைவுற்றுவிடும், அதாவது மேற்கொண்டு காந்தப் பாயத்தை ஏற்காது. நிறைவுற்ற உள்ளகம் என்றால் ஆம்பிளிஃபயருக்கு அது வெறும் செம்புக் கம்பி, ஏறக்குறைய ஷார்ட். பேச்சுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தேவையில்லை. ஆம்பிளிஃபயருக்கு முன்னால் உள்ள மிக்சரில் கீழ் ஒலிகளை வெட்டிவிடும் லோ-கட் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். ஹார்ன்களும் அந்தக் கீழ் ஒலியைத் தருவதில்லை, வீணாக அடிதான் வாங்கும். இசைக்கென்றால் உள்ளகம் பெரிதாக, கனமாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் வாங்க வேண்டும். இந்த விஷயத்தில் எடை பொய் சொல்லாது.

டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயருடன் நேரடியாக டிரான்ஸ்ஃபார்மரை இணைப்பதானால், உள்ளீடு எதுவும் இல்லாத நிலையில் அவுட்புட்டில் டிசி வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50 மில்லிவோல்ட் ஸ்பீக்கருக்குப் பெரிய விஷயமில்லை, ஆனால் 0.3 ஓம் மட்டுமே உள்ள சுருளில் அது 0.17 ஆம்பியர் டிசியை ஓட்டி உள்ளகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

ஏழாம் படி: பெயர் தெரியாத டிரான்ஸ்ஃபார்மர்

பழைய பெட்டியிலிருந்து கழற்றியது ஒன்று கையில் இருக்கும், எழுத்து எதுவும் இருக்காது. ஓம் மீட்டரில் அதிக எதிர்ப்புக் காட்டும் சுருள் பிரைமரி. அதற்கு ஒரு சிறு 12 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் கொடுத்து, மறுபக்கத்தை அளக்க வேண்டும். 0.48 வோல்ட் வந்தால் 12 ÷ 0.48 = 25. வர்க்கம் 625. 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 625 × 8 = 5000 ஓமாகத் தெரியும்.

தவறியும் 12 வோல்ட்டைச் செகண்டரிப் பக்கம் கொடுத்துவிடாதீர்கள். அதே விகிதம் தலைகீழாக வேலை செய்து, மறுபக்கம் 300 வோல்ட் வந்து நிற்கும். வீட்டு மின்சாரத்தை நேராக எந்தச் சுருளிலும் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

எட்டாம் படி: இணைத்து ஓடவிடுவது

ஆம்பிளிஃபயரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வால்வு ஆம்பிளிஃபயர் என்றால் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை வைக்கக் கூடாது. 100 வோல்ட் லைனும் முழுச் சத்தத்தில் கையைத் தாக்கும். இணைப்புகளை மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

பிரைமரி ஆம்பிளிஃபயர்ப் பக்கமா, லைன் பக்கமா என்பதை வரைபடத்தில் பார்த்து இணையுங்கள். கம்பியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்; தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கார்களில் வரும் பிரிட்ஜ் வகை ஆம்பிளிஃபயர்களில் இரண்டு அவுட்புட் முனையும் உயிருள்ளவை. எதையும் பெட்டியின் உலோகத்தோடு சேர்க்கக் கூடாது.

பல ஸ்பீக்கர்கள் ஒரே இடத்தில் ஒலிப்பதானால் எல்லாவற்றிலும் கூட்டல், கழித்தல் ஒரே பக்கம் இருக்கட்டும். ஒன்று தலைகீழானால், இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குக் கீழ் ஒலி காணாமல் போகும்.

பிறகு லைனை மீட்டரில் அளந்து, ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஆம்பிளிஃபயரில் மாட்டுங்கள். ஒலியளவைச் சுழியில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். மெல்ல ஏற்றி, பேசும் அளவுக்கு வந்ததும் கால் மணி நேரம் அப்படியே ஓடவிடுங்கள். பின்பு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் வாட் டேப்பை ஒரு படி இறக்குங்கள், அல்லது லோ-கட் போட்டிருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.